படபடப்பு வந்தால் எந்த வழி? மனச்சிதைவோடு வாழ்பவர்களின் பீதித் தாக்குக்கு உள்ள தேர்வுகள்

இரவு ஒன்பது மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு. ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய்க்குச் சில வருடங்களாக மருந்து எடுத்துவரும் மகன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது. "அம்மா, நான் செத்துப்போயிடுவேன்" என்கிறான். வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு யோசனை வரும். இரவு மாத்திரையில் இன்னும் ஒன்றைக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் 'ஸேனர்' (அல்பிரஸோலம் என்ற பதற்ற மாத்திரை) இருக்கிறது, வாங்கி வரட்டுமா என்பார் இன்னொருவர். ஆர்.கே.கான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பார் அப்பா. பாட்டி விபூதித் தட்டோடு வருவார்.

நான்கு பேருமே அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எது சரி என்பது வேறொரு கேள்வியைப் பொறுத்தது: இது உண்மையில் பீதித் தாக்குதானா, அல்லது அதைப் போலவே தெரியும் வேறொன்றா? அதைப் பிரித்தறியாமல் எடுக்கும் முடிவு சில சமயம் நோயைவிட அதிகம் கெடுக்கும். அதனால் மருந்துகளையும் சிகிச்சைகளையும் ஒப்பிடுவதற்கு முன் இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கிறது.

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பீதி நோயும் கூடவே இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எப்போதாவது ஒரு தாக்கு வந்துபோகிறவர்கள் அதைவிட அதிகம். இருந்தும் இது பெரும்பாலும் பதிவாவதில்லை. டர்பன் பக்கத்து வீடுகளில் இதை 'நர்வ்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். கிளினிக்கில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நர்வ்ஸ் கொஞ்சம் கெட்டுப்போச்சு, சிஸ்டர்" என்று பதில் போகிறது. அதைக் கேட்பவர் பழைய நோய் திரும்புகிறது என்று எண்ணி மனச்சிதைவு ஊசியின் அளவைக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு.

ஒன்று போலவே தெரியும் ஐந்து

பீதித் தாக்கு சட்டென்று எழும். பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும், பிறகு உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். பயம் தன் உடம்பைப் பற்றியதாக இருக்கும்: இதயம் நின்றுவிடும், மயங்கி விழுந்துவிடுவேன், புத்தி பேதலித்துவிடும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது இதன் நல்ல அடையாளம். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் அப்படி ஆகிறது.

மனச்சிதைவின் பயம் வேறு மாதிரி. அங்கே பயப்படுவது வெளியே இருக்கும் ஒருவரைப் பார்த்து: பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் கலந்துவிட்டார்கள், குரல் மிரட்டுகிறது. அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடிக்கும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பீதியால் வந்த படபடப்புக்கு நோயாளியின் மனம் ஒரு காரணத்தைக் கட்டிவிடும். 'நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஏதோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று ஆகிவிடும். ஆகவே என்ன சொன்னார் என்பதைவிட எது முதலில் வந்தது என்று கேட்பதுதான் பயன் தரும். "முதலில் நெஞ்சு படபடத்ததா, குரல் கேட்டதா?" படபடப்பு முதலில் வந்து, அது அடங்கியதும் சந்தேகமும் அடங்கினால், பீதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று பொருள்.

மூன்றாவது, அடிக்கடி தவறவிடப்படுவது: இருப்புக்கொள்ளாமை. மருத்துவத்தில் அகதீசியா என்பார்கள். மனச்சிதைவு மருந்துகளான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஃப்ளுஃபெனஸின் ஊசி, ஃப்ளுபென்திக்ஸால் ஊசி, ஏன் அரிப்பிப்ரஸோலிலும்கூட இது வரும். மருந்தைத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தலைகாட்டும். கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் ஆட்டிக்கொண்டே இருப்பார், நின்றால் கால் மாற்றி மாற்றி நிற்பார், படுத்தால் எழுந்து நடப்பார். உள்ளுக்குள் தோலை உரித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும் போலிருக்கும். பீதி அலைபோல் எழுந்து அடங்கும். இது நாள் முழுக்க விடாது, நடந்தால் மட்டும் கொஞ்சம் குறையும். சிலரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளும் வேதனை இது, அதனால் லேசாக எடுக்கக் கூடாது.

மாதாந்திர ஊசி போடுபவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. காலண்டரில் ஊசி நாளையும் ஒவ்வொரு தாக்கையும் குறித்துவாருங்கள். ஊசிக்குப் பிந்தைய முதல் வாரத்தில் குவிந்தால் இருப்புக்கொள்ளாமையைச் சந்தேகிக்கலாம். அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் குவிந்தால் மருந்தின் வேகம் தீர்ந்துபோகிறதா என்று கேட்க வேண்டும். ஊசி நாளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் டாக்ஸியில், கடையில், கூட்டத்தில் வந்தால் பீதியின் பக்கம் தராசு சாயும்.

நான்காவது அரிது, ஆனால் பார்ப்பவரைக் கதிகலங்க வைக்கும்: கண் மேலே செருகி நிற்பது, கழுத்து ஒரு பக்கம் கோணுவது, தாடை பூட்டிக்கொள்வது. மருந்து தொடங்கிய முதல் நாட்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு வரும். இதைச் சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ எடுத்துக்கொண்டு வீட்டில் நேரம் கடத்துவது உண்டு. இது மருந்தால் தசை இறுகுவது. அவசரப் பிரிவில் பைபெரிடென் அல்லது புரோமெத்தஸின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணியில் சரியாகிவிடும்.

ஐந்தாவது, உடம்பின் நோய். மனச்சிதைவு மருந்துகள் பலவும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் ஏற்கெனவே நிறைய. இன்சுலினோ கிளிக்லஸைடோ எடுப்பவர் ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் வரும் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் பீதியிலிருந்து பார்வைக்கு வேறுபடாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால், நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுவதே நல்லது. பீதியாகவே இருந்தாலும் அதனால் கெடுதல் இல்லை.

குளோஸபின் என்ற மனச்சிதைவு மருந்தை எடுப்பவர்களுக்குத் தனி விதி. அந்த மருந்து சாதாரணமாகவே நாடித்துடிப்பைக் கூட்டும். ஆனால் தொடங்கிய முதல் எட்டு வாரத்தில் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஓய்விலும் குறையாத வேகத் துடிப்பு வந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அதைப் பீதி என்று யாரும் தள்ளிவிட விடாதீர்கள். அன்றே ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

அந்த அரை மணி நேரம்: வீடா, ஆஸ்பத்திரியா?

இதற்கு முன் பரிசோதிக்கப்பட்டு, பீதி என்று மருத்துவர் சொல்லியிருந்து, இன்றைய தாக்கும் அதே வடிவில் இருந்தால் வீட்டிலேயே சமாளிப்பது மேல். ஒவ்வொரு தடவையும் அவசரப் பிரிவுக்கு ஓடினால், 'ஓடினால்தான் பிழைப்பேன்' என்ற பாடத்தை உடம்பு கற்றுக்கொள்கிறது. அங்கே மணிக்கணக்கில் நெருக்கியடித்துக் காத்திருப்பது குரல் கேட்பவருக்குத் தனிக் கொடுமை. டாக்டர் பார்ப்பதற்குள் தாக்கு தானாக அடங்கியிருக்கும், கையில் ஒன்றுமில்லாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் பேசுங்கள். டிவியை நிறுத்துங்கள். சுற்றி நிற்பவர்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். கையைப் பிடித்து அடக்காதீர்கள். சந்தேக எண்ணம் உள்ளவருக்கு அது தாக்குதலாகத் தோன்றும். கடிகாரம் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். "தம்பி, இது முன்னாடி வந்த அதே படபடப்புதான். மணி ஒன்பது ஐந்து. ஒன்பதரைக்குள் இறங்கிடும். நான் இங்கேயே இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

'நல்லா மூச்சை இழுத்து விடு' என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதுதான் தவறும்கூட. ஆழமாக இழுக்க இழுக்க கரியமில வாயு இன்னும் குறைந்து, தலைசுற்றலும் மரத்துப்போவதும் கூடும். கவனம் வெளிமூச்சில் இருக்க வேண்டும்: மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை சாதாரணமாக இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

இன்னொரு நுட்பம். சாதாரணப் பீதிக்குக் கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்வார்கள். குரல் கேட்பவருக்கு அது பொருந்தாது: வெளிச் சத்தமும் காட்சியும் குறைந்தால் உள்ளே இருக்கும் குரல் ஓங்கும். கண் திறந்தே இருக்கட்டும். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். அறையில் உள்ள ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும்போது பலருக்குக் குரலின் பிடி சற்றுத் தளரும். குரல் சொல்வது உண்மையா பொய்யா என்ற வாதத்தை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள்.

ஆஸ்பத்திரிதான் என்று முடிவெடுக்க வேண்டிய இடங்களும் தெளிவானவை: வாழ்வில் முதல் தாக்கு, 20 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்க மூச்சு முட்டுவது, காய்ச்சலோடு உடம்பு விறைப்பது, சாக வேண்டும், அடிக்க வேண்டும் என்று குரல் கட்டளையிடுவது. அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்ஃபோனிலிருந்து 112.

அங்கே போனதும் 'நர்வ்ஸ்' என்ற சொல்லைத் தவிருங்கள். மனநோய் என்ற முத்திரையைப் பார்த்ததும் நெஞ்சைப் பரிசோதிக்காமல் விடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதய நோய் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. "எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன மருந்து, என்ன அளவு, கடைசி ஊசி எந்தத் தேதி" என்று சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் 72 மணி நேரம் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ள 72 மணி நேர மதிப்பீடு, தனக்கோ பிறருக்கோ கேடு விளையும் நிலையில், சம்மதம் தர முடியாத அல்லது மறுக்கும் ஒருவருக்காக ஏற்பட்டது. படபடப்புக்கு உதவி தேடித் தானாக வருபவருக்கு அது பொருந்தாது.

நீண்ட கால வழிகள்: எதற்கு எந்த இடம்

மனச்சிதைவு மருந்தின் அளவைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் முதலில் நடப்பது. பயம் குரலிலிருந்தும் சந்தேகத்திலிருந்தும் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அது சரியான வழிதான். மாத்திரையை விட்டுவிட்டவருக்கு அதைத் திரும்ப ஒழுங்காக்குவதே போதும். ஆனால் தனிப் பீதிக்கு இதைச் செய்தால் ஒரு சுழல் தொடங்கும். அளவு கூடும், இருப்புக்கொள்ளாமை வரும், அது இன்னொரு 'நர்வ்ஸ்' ஆகத் தெரியும், அளவு மறுபடி கூடும். இந்தச் சுழலில் மாட்டியவருக்குத் தேவை நேரெதிர் முடிவு: அளவைக் குறைப்பது, அல்லது இந்தத் தொல்லை குறைந்த குவெட்டியாபின், குளோஸபின் போன்றவற்றுக்கு மருத்துவர் வழியே மாறுவது. மாற்ற முடியாத நிலையில் புரோப்ரானலால் 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, இருப்புக்கொள்ளாமைக்கு உதவும். பீதிக்கு அது அவ்வளவாக உதவாது. ஆஸ்துமா உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்தால், சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் எச்சரிக்கையாக மிஞ்சும். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கிளினிக்கில் தரும் ஆர்ஃபெனட்ரின் இருப்புக்கொள்ளாமைக்குப் பெரிதாக வேலை செய்வதில்லை. கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அதுவே வாயை உலர்த்தி நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை. அல்பிரஸோலம், லோரஸிபாம், குளோனஸிபாம் எல்லாம் ஒரே குடும்பம். அவை பயத்தை அடக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விழுங்கிய மாத்திரை வேலையைத் தொடங்க அரை மணியாவது ஆகும். தாக்கு அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்கியது தானாக, பெயர் வாங்கியது மாத்திரை. அடுத்த முறை மாத்திரை பையில் இல்லை என்பதே ஒரு தாக்கைக் கிளப்பும். தினமும் எடுத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் உடம்பு பழகத் தொடங்கும். அல்பிரஸோலத்தின் வேகம் சீக்கிரம் தீர்வதால் வேளைக்கு வேளை நடுவிலேயே பதற்றம் திரும்பும். குளோஸபினோடு சேரும்போது, குறிப்பாகத் தொடக்கத்தில், மூச்சும் இரத்த அழுத்தமும் சட்டென்று தாழ்ந்துவிடலாம். பின்லாந்தின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த வகை மாத்திரைப் பயன்பாடு அதிக இறப்போடு சேர்ந்து காணப்பட்டது. அதற்கு இதுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வால் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக இருக்க அது போதும்.

அப்படியானால் அதற்கு இடமே இல்லையா? உண்டு. வேறொரு மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையுள்ள இரண்டு மூன்று வாரத்துக்கு, மருத்துவர் எழுதிய சிறு அளவில், முடிவுத் தேதியோடு. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்துவருபவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது; வலிப்பு வரலாம். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பீதி நோய்க்கு நாள்பட்ட பலன் தருபவை. மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். இங்கே தேர்வு எஸ்எஸ்ஆர்ஐ வேண்டுமா என்பதோடு முடிவதில்லை. எந்த எஸ்எஸ்ஆர்ஐ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது ஏற்கெனவே எடுக்கும் மருந்து. ஃப்ளூவாக்ஸமின் குளோஸபினின் இரத்த அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். அந்த இரண்டும் சேரவே வேண்டாம். அரசு கிளினிக்குகளில் எளிதாகக் கிடைக்கும் ஃப்ளுஆக்ஸெட்டின் நல்ல மருந்துதான், ஆனால் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், ஸுக்ளோபென்திக்ஸால், குளோஸபின் ஆகியவற்றின் அளவை உயர்த்தும். அதனால் புதிதாக நடுக்கமோ இருப்புக்கொள்ளாமையோ வந்தால் பழி பீதியின் மேல் விழும். பராக்ஸெட்டினும் அப்படியே. சிட்டலோபிராம் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தை நீட்டும். ஹாலோபெரிடால் போன்றவற்றோடு சேரும்போது ஈசிஜி பார்ப்பது அவசியம். 60 வயதுக்கு மேல் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. செர்ட்ரலின் பெரும்பாலானவர்களுக்குச் சண்டை குறைவான தேர்வு என்பது எங்கள் கருத்து: 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50.

குறைந்த அளவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முதல் ஒன்றிரண்டு வாரம் இந்த மருந்துகள் படபடப்பைக் கூட்டலாம். இதை முன்பே சொல்லாததால் நான்காம் நாளே மருந்தைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஆன பிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்து, பின்பு மெல்ல இறக்குவது வழக்கம். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். தூக்கமே இல்லாமல் உற்சாகம் கரைபுரண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்து கிளினிக்கில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இந்தக் கூட்டணியில் சேர்க்க வேண்டாம். குளோஸபினோடு மலச்சிக்கலும் இதயத் தொல்லையும் சேரும், அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேச்சு வழிப் பயிற்சி, அதாவது சிபிடி, பீதிக்கு மருந்துக்கு இணையானது. மாத்திரைகளோடு மோதாதது அதன் பெரிய பலம். வழக்கமாக 12 முதல் 16 அமர்வு. அதன் மையம் ஆறுதல் பேச்சு அல்ல; பயந்த உடல் உணர்வை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக இறங்குவதைப் பார்ப்பது: நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, உறிஞ்சு குழாய் வழியே ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது. மனச்சிதைவு உள்ளவருக்கு இதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அமர்வு அரை மணி. ஒரு நாளைக்கு ஒரே பயிற்சி. எல்லாம் எழுத்தில், ஏனென்றால் நினைவாற்றலும் கவனமும் நோயாலும் மருந்தாலும் குறைந்திருக்கும். வீட்டில் ஒருவர் கூட இருந்து கற்றுக்கொண்டால் வீட்டுப்பாடம் நடக்கும். குரலும் சந்தேகமும் கொந்தளிக்கும் நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. மருந்து நிலைப்பட்டிருக்க வேண்டும். குறை என்னவென்றால் ஆள் கிடைப்பதுதான். அரசு ஆஸ்பத்திரி உளவியலாளரிடம் வரிசை நீளம். அந்த வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடங்க வேண்டும், மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அல்ல.

செலவே இல்லாத வழியைக் கடைசியில் வைத்திருக்கிறோம், ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஒரு நாளில் குடிக்கும் காப்பி, தேநீர், கோலா, எனர்ஜி பானத்தை எண்ணுங்கள். 500 மில்லி எனர்ஜி பானத்தில் சுமார் 160 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். மருந்து மயக்கத்தை விரட்ட இரண்டு டின்னும் நான்கு கோப்பைக் காப்பியும் குடிப்பவர் 400-ஐத் தாண்டிவிட்டார். பீதிக்கு ஆளாகக்கூடியவரிடம் அந்த அளவே ஒரு தாக்கைக் கிளப்பலாம். சட்டென்று நிறுத்தினால் தலைவலி. மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள். குளோஸபின் எடுப்பவர் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் கஃபீன் அதன் இரத்த அளவை ஏற்றிவைத்திருக்கும். சிகரெட் நேர்மாறு: புகையிலுள்ள தார் கல்லீரலைத் தூண்டி, குளோஸபினையும் ஒலன்ஸபினையும் உடம்பிலிருந்து வேகமாகக் கழிக்கிறது, புகையை விட்டால் ஒரு வாரத்துக்குள் மருந்தின் அளவு ஏறும். கஞ்சாவைத் தனிப்பட்ட முறையில் புகைப்பது குற்றமல்ல என்று 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதை வைத்து, அது கெடுதலற்றது என்று எண்ணும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சட்டம் வேறு, மூளை வேறு. பீதி, குரல் இரண்டையும் ஒரே இழுப்பில் கிளப்பக்கூடியது அது. 'சுகர்ஸ்' என்னும் மலிவான ஹெராயின் கலவைப் போதைப்பொருள் பழக்கம் உள்ளவருக்கு அது கிடைக்காத நேரத்தில் வரும் வியர்வையும் பதற்றமும் பீதி போலவே இருக்கும். அதற்கு வேறு சிகிச்சை.

எங்கே போவது

அரசு கிளினிக்கில் மருந்து இலவசம், முகம் தெரிந்த சிஸ்டர் இருப்பார். ஆனால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். தனியார் மனநல மருத்துவர் அரை மணி கேட்பார், கட்டணம் அதிகம். மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மனச்சிதைவு கட்டாய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, பீதி நோய் இல்லை. ஆகவே ஒலன்ஸபினுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் செர்ட்ரலினுக்கு உங்கள் சேமிப்புக் கணக்கில் கைவைக்கலாம். மருத்துவரிடம் தனிக் கடிதம் கேட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் காட்டுபவர்கள் இரண்டு மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்துக் காட்டுங்கள்; மோதல்கள் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் 0800 567 567 கட்டணமில்லா எண்.

பாட்டியின் விபூதிக்கும் இடம் உண்டு. பூசிவிட்டு நிதானமான குரலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நாம் மேலே சொன்ன உதவியேதான். சிக்கல் விரதத்தில் வருகிறது. காவடிக்கும் தீமிதிக்கும் பத்து நாள் விரதம் இருக்கும்போது 'சுத்தமாக இருக்க வேண்டும்' என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். குளோஸபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டவர் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்துதான் ஏற வேண்டும். லித்தியம் எடுப்பவர் தண்ணீர் குறைத்து டர்பன் வெயிலில் நடந்தால் மருந்து நஞ்சாகலாம். பெரிய வெள்ளியன்று ஈஸிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் மேளமும் கற்பூரப் புகையும் பசியும் வெயிலும் சேர்ந்தால் பீதிக்கு வேறு தூண்டுதல் தேவையில்லை. காலையில் சீக்கிரம் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்று, தண்ணீரும் அன்றைய மாத்திரையும் பையில் வைத்திருந்தால் பலர் நன்றாகக் கும்பிட்டுத் திரும்ப முடியும். விரதத்தில் மாத்திரை சேருமா என்று ஐயரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று அவர் வாயால் கேட்டால் நோயாளியின் மனம் ஆறும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: தேதி, தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், எங்கே இருந்தார், கால் ஓயாமல் ஆடியதா, குரல் முன்னா பின்னா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அன்று எத்தனை கோப்பை காப்பி. தாளின் தலைப்பில் ஊசித் தேதியை எழுதுங்கள். சிஸ்டரிடம் 'நர்வ்ஸ்' என்று சொல்வதற்குப் பதில் அந்தத் தாளை நீட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் அவரால் அதைப் படித்துவிட முடியும்.